அல்போன்சா டீச்சரின் மூக்கு

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்துப் போகும் தெருவில் அல்போன்சா டீச்சரின் மூக்கைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. மூன்று வீடு தள்ளிக் கொதிக்கிற மீன் குழம்பில் புளி குறைந்தால் இங்கிருந்தே சொல்லிவிடுவாள் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். அந்த மூக்கு அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு வேறு எது கூர்மையாகிறதோ இல்லையோ, மூக்கு கூர்மையாகிவிடும்.

புருஷன் பவுல்சாமி துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். குடிக்காத நேரத்தில் தங்கமான மனிதர். என்ன செய்வது, அந்த நேரம்தான் வரவரக் குறைந்துகொண்டே போனது. கேட்டைத் திறக்கும் சத்தத்தோடு வாடையும் உள்ளே வரும். பிராந்தியா, பீரா, இன்று அடி விழுமா, வெறும் அழுகையோடு போய்விடுமா என்பதையெல்லாம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் மூக்கே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். கடைசியில் ஒருநாள் பட்டினப்பாக்கம் திருப்பத்தில் ஸ்கூட்டரோடு சாலை நடுச்சுவரில் மோதிப் போய்ச் சேர்ந்தார். மகன் டெரன்ஸ் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அல்போன்சா மகனைக் கையோடு பீடத்துக்குக் கூட்டிப்போனாள். ஃபாதர் விவிலியத்தைப் பிடித்துக்கொள்ள, அதன்மேல் அவன் வலது கையை வைத்து, சாராயம் தொட மாட்டேன், பீர் தொட மாட்டேன், பிராந்தி தொட மாட்டேன், விஸ்கி தொட மாட்டேன், கள் தொட மாட்டேன் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிச் சத்தியம் வாங்கினாள். போதும் டீச்சர், எல்லாம் ஒன்றுதானே என்று ஃபாதர் சிரித்தார். அவள் விடவில்லை. பேர் விட்டுப்போனால் அதில் ஒரு சந்து வைத்துக்கொண்டு நுழைந்துவிடுவான்கள் ஆண்பிள்ளைகள் என்பது அவள் கண்ட அனுபவம். அத்தனை பேரையும் சொன்னவளுக்கு ஒரு பேர் மட்டும் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

டெரன்ஸ் வளர்ந்து கால்டாக்ஸி ஓட்ட ஆரம்பித்ததும் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. திரு இருதயப் படத்துக்குக் கீழே ஒரு ஆணி. வண்டிச் சாவி அதில்தான் தொங்கும். அதை எடுக்கிற உரிமை அல்போன்சாவுக்கு மட்டும்தான். அவன் எதிரில் வந்து குனிந்து நிற்பான். “ஊதுடா” என்பாள். ஊதுவான். அவள் கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பாள். பிறகு நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டுச் சாவியைக் கையில் வைப்பாள். ஆறடி ஆண்பிள்ளை அம்மா முன்னால் வாயைக் குவித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் தெருவே சிரித்தாலும், உள்ளுக்குள் மற்ற அம்மாக்களுக்குப் பொறாமைதான். டெரன்ஸைப் பார்த்துக் கத்துக்கோ என்று தங்கள் பிள்ளைகளிடம் சொல்வார்கள். அவனும் ஒருநாள்கூட வாக்குத் தவறியதில்லை. சிநேகிதர்களின் கல்யாணத்தில் ஆளுக்கு ஆள் கிளாஸை நீட்டினாலும் கோக்கைக் குடித்துவிட்டு வந்துவிடுவான். இது பொய்யில்லை. இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வேறொரு வாடை அவளுக்கு எப்போது முதலில் தட்டுப்பட்டது என்று கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டாள். இரண்டு வருஷம் இருக்கும். போன வருஷத்துக் குருத்தோலைகளை வீடு வீடாக வாங்கிவந்து தவக்காலத்துக்கு முன்னால் கோயிலில் எரித்துச் சாம்பலாக்குவார்களே, அந்த வாடைக்குப் பக்கத்தில் வரும் ஒரு வாடை. கொஞ்சம் காரல், கொஞ்சம் பச்சை. முதலில் சட்டையில் அடித்தது. பிறகு தலைமுடியில். அப்புறம் ஊதுகிற மூச்சிலேயே வந்தது. ஜீன்ஸைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலமும் மெல்லிய தாள்களும் விழுந்தன. முப்பது வருஷம் ஆண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பெயரை அவள் மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் பதறவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான்.

“இது வெறும் எலதாம்மா. சரக்கு இல்ல. சத்தியத்த நான் மீறலையே? இத போட்டா ஸ்பீடே போக மாட்டேன், அவ்ளோ நிதானமா ஓட்டுவேன். நீ வேணா மத்த டிரைவர்களக் கேட்டுப் பாரு.”

அவள் யாரையும் கேட்கவில்லை. பவுல்சாமியையும் மகனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். இவன் கத்துவதில்லை, வாந்தி எடுப்பதில்லை, கை நீட்டுவதில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறான், இன்னும் ரெண்டு தோசை போடச் சொல்லித் தின்கிறான், போய்ப் படுத்துத் தூங்குகிறான். உண்மையைச் சொல்லப்போனால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கொள்ளிவாய்ப் பிசாசோடு குடித்தனம் நடத்தியவளுக்குக் குட்டிச்சாத்தான் பிள்ளையாரைப் போலத்தான் தெரியும்.

நிதானமாக ஓட்டுவதாக அவன் சொன்னதும் உண்மைதான். மெதுவாகத்தான் போவான். ஆனால் மந்தவெளி சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்து ஓயும்வரை நின்றிருந்தானாம். லஸ்ஸில் திரும்ப வேண்டியவன் திரும்பாமல் ஆழ்வார்ப்பேட்டைவரை போய்விட்டானாம். வண்டியின் இடது பக்கத்தில் மாதம் ஒரு புதுக் கீறல் விழுந்தது. இதையெல்லாம் அவனே சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கையாகச் சொன்னான், அவளும் வேடிக்கையாகவே கேட்டுச் சிரித்தாள். அப்போது சிரித்த சிரிப்பு ஒவ்வொன்றும் இப்போது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

பொன்மணி, அல்போன்சா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஆயா. ஆற்றோரக் குடிசையில் பிறந்து வளர்ந்தவள். குடிசைகளை இடித்துப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்து அனுப்பிய பிறகும் வேலையை விடாமல் பஸ் மாறிப் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள். டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டாலும் பள்ளிக்கூடம் விட்டதும் இந்த வீட்டில் ஒரு டீ குடிக்காமல் பஸ் ஸ்டாப்புக்குப் போக மாட்டாள். இரண்டு பேருக்கும் பேச ஒரே விஷயம்தான் இருந்தது. ஒருத்தியின் புருஷன் குடித்துச் செத்தவன், இன்னொருத்தியின் புருஷன் குடித்துக்கொண்டு இருப்பவன். அந்தப் பேச்சின் முடிவில் பொன்மணி எப்போதும் டெரன்ஸைக் காட்டி, புள்ளைன்னா இப்டி இருக்கணும் என்பாள். அல்போன்சா எழுந்துபோய் அவளுக்கு இன்னொரு வடை எடுத்து வருவாள்.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம். புதுசு வாங்கியதால் பழைய டேபிள்டாப் கிரைண்டரைப் பொன்மணிக்குக் கொடுப்பதென்று அல்போன்சா முடிவு செய்திருந்தாள். பொன்மணிக்கு வாயெல்லாம் பல். ஆனால் கல்லோடு சேர்த்து அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் பஸ் ஏற முடியுமா? டெரன்ஸ் மாடியிலிருந்து இறங்கி வந்தான். வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டு வாடா என்றாள் அல்போன்சா. சரிம்மா என்றான். வழக்கம்போலக் குனிந்து ஊதினான். குருத்தோலை வாடை அன்றைக்குக் குப்பென்று அடித்தது. பிராந்தி வாடை இல்லை, பீர் வாடை இல்லை. சிலுவை போட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

கிரைண்டரைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். அது உருண்டுவிடாமல் இருக்க டெரன்ஸ் அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டான். போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. கிரைண்டர் மேடம், சௌகரியமா இருக்கா என்று அதனிடம் கேட்டுக் கேட்டுச் சிரித்தான். பொன்மணியும் முதலில் சிரித்தாள். அப்புறம் அவனை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, டீச்சரைக் கேட்டுக்கு உள்பக்கமாக இழுத்தாள்.

“டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. தம்பி மேல பொக வாட கீது. எங்க பிளாக்ல பசங்க அடிச்சிக்கினு படிக்கட்டுல குந்திக்கினு இருப்பானுங்க, அந்த வாட. நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன். கிரைண்டர் நாளைக்கி எடுத்துக்கலாம்.”

அல்போன்சாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. தெரிந்ததை இன்னொருத்தி சொல்லிவிட்டாள், அதுவும் பெருமையடித்துக்கொண்ட பிள்ளையைப் பற்றி, அதுவும் குடிகாரன் பெண்டாட்டி.

“என் மூக்குக்குத் தெரியாததா உன் மூக்குக்குத் தெரிஞ்சிடுச்சு? அவன் குடிக்கல. நான் பாத்துட்டேன். பேசாம ஏறு பொன்மணி.”

பொன்மணி பேசாமல் ஏறினாள். பின்னால் கிரைண்டர் இருந்ததால் முன் சீட்டில் டெரன்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கார் தெரு முனையில் திரும்பும்போது கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். டீச்சர் கோபித்துக்கொண்டுவிட்டாளோ என்ற பயத்தில் ஆட்டிய கை அது. அல்போன்சா பதிலுக்குக் கையை ஆட்டவில்லை.

அடையாறு பாலத்தைத் தாண்டியதும் ஒரு தண்ணி லாரி டயர் பஞ்சராகி இடது ஓரம் நின்றிருந்தது. டெரன்ஸின் கார் அதன் பின்பக்கத்தில் போய் நுழைந்தது. வேகமில்லை. எதிர்க் கடையின் கேமராவில் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், சைக்கிளில் போகிற மாதிரி மெதுவாகப் போகிறதே, ஏன் நிற்கவில்லை என்று. லாரியின் இரும்புச் சட்டம் காரின் முன்கண்ணாடியை இடது பக்கமாகப் பிளந்துகொண்டு உள்ளே வந்தது. டெரன்ஸுக்கு இடது கையில் எலும்பு முறிந்தது. பின் சீட்டில் பெல்ட் போட்ட கிரைண்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பொன்மணி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள்.

போலீஸ்காரர்கள் முதல் காரியமாக டெரன்ஸை ஊதச் சொன்னார்கள். மிஷின் பூஜ்யம் காட்டியது. அவர்களுக்கு அதற்குமேல் அவனிடம் கேட்க எதுவும் தோன்றவில்லை, ரத்தம் எடுத்துப் பார்க்கவும் தோன்றவில்லை. ஸ்டேஷனுக்கு ஓடிவந்த அல்போன்சாவும் தன் பங்குக்குச் சொன்னாள். என் பிள்ளை குடிக்க மாட்டான் சார், நானே ஊதச் சொல்லிப் பார்த்துதான் சாவியைக் கொடுத்தேன் என்றாள். சொன்னது அத்தனையும் சத்தியம். இப்படி ஒரு சத்தியத்தைவிட நாலு பொய் சொல்லியிருந்தால் கர்த்தர் மன்னித்திருப்பார். இன்ஸ்பெக்டர்கூட எழுந்து நின்று, உங்களை மாதிரி அம்மா எல்லாருக்கும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா என்றார். பழி லாரிக்காரன் தலையில் விழுந்தது. அக்பர் பாஷா என்று பேர். இண்டிகேட்டர் போட்டிருந்தேன், பின்னால் கல்லும் வைத்திருந்தேன் என்று அவன் கதறியதை யார் கேட்டார்கள்? குடிக்காத பிள்ளை மோதினான் என்றால் நின்றவன்மேல்தான் தப்பு இருக்க வேண்டும்.

கையில் கட்டோடு வீட்டுக்கு வந்த டெரன்ஸ் இரண்டு நாள் படுத்தே கிடந்தான். மூன்றாம் நாள் மத்தியானம் அவளே சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

“பாத்தேன்மா. லாரி நிக்கிறது, லைட்டு மின்னுறது, எல்லாம் நல்லா பாத்தேன். பிரேக் போடணும்னும் தெரியும். இன்னும் நெறைய நேரம் இருக்குன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. பொன்மணி அக்கா தம்பின்னு கூப்ட்டாங்க. அதுவும் கேட்டுச்சு. கால்தான் வரல.”

அல்போன்சா அடுத்த கவளத்தை உருட்டினாள். அவன் வாயைத் திறந்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு பேரும் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டிவரும். தட்டைக் கழுவ எடுத்துப்போனாள். இவன் ஜெயிலுக்குப் போனால் இந்த வீட்டில் தான் யாருக்குக் கதவைத் திறந்துவிடுவது என்று நினைத்தாள். அந்த நினைப்போடு பொன்மணியின் கையும் வந்தது, கார் கண்ணாடிக்கு வெளியே ஆடிக்கொண்டே.

பெரும்பாக்கத்துக்குச் சாவுக்குப் போனாள், காரியத்துக்கும் போனாள். அங்கே கிடைத்த மரியாதை அவளைச் சுட்டது. பொன்மணியின் புருஷன் துரைராஜ் ஒரு சேர் எடுத்துவந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்து அவளை உட்கார வைத்தான். சொந்தக்காரர்களிடமெல்லாம் இவங்கதான் டீச்சரம்மா, இவங்க புள்ளதான் ஓட்டிக்கினு வந்துது, பாவம் அதுக்கும் கை ஒடஞ்சிபோச்சி என்று அறிமுகம் செய்தான். ஒரு குடிகாரன் ஓட்டியிருந்தால் அங்கேயே வெட்டிப் போட்டிருப்பேன் என்றான். சொன்ன அவன்மேலேயே அன்றைக்குச் சாராய வாடை அடித்தது. அந்த லாரிக்காரனை மட்டும் விட மாட்டேன், அவன் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றான். கூடத்தின் மூலையில், போலீஸ்காரர்கள் காரிலிருந்து எடுத்துக் கொடுத்த அந்தக் கிரைண்டர் இருந்தது. அல்போன்சா அதைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ பாடுபட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அல்போன்சாவுக்கு அந்தச் சிரமம்கூட இருக்கவில்லை, ஊரே சேர்ந்து சோறு போட்டு மூடிக்கொடுத்தது. கோயிலில் டெரன்ஸுக்காக மன்றாட்டு வைத்தார்கள். தெருக்காரர்கள் பழம் வாங்கிவந்தார்கள். டெரன்ஸ் மட்டும் தூங்கவில்லை. தூக்கத்துக்காக மாடிக்குப் போய் அதையே இழுத்தான். முன்பு எப்போதாவது போனவன் இப்போது பொழுதுக்கும் போனான். கட்டுப் பிரித்தாகிவிட்டது, லைசென்ஸும் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. சிநேகிதன் ஜேக்கப் தன் வண்டியை ஓட்டச் சொல்லிக் கொடுத்தான். அந்தச் சாவி திரு இருதயப் படத்துக்குக் கீழே பழைய ஆணியில் தொங்கியது.

திருநீற்றுப் புதன் வந்தது. காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்த அல்போன்சா முகம்கூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாம்பல் பூசும்போது ஃபாதரின் விரலிலிருந்து வந்த வாடை அவளை விடவில்லை. அன்றைக்குத்தான் டெரன்ஸ் மறுபடி வேலைக்குக் கிளம்பினான். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்து, அம்மா ஒன்றும் கேட்காமலே எதிரில் குனிந்து வாயைக் குவித்து ஊதினான். இத்தனை வருஷப் பழக்கம். அவள் கண்ணை மூடவில்லை. மூட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, வாடை அவ்வளவு பச்சையாக அடித்தது. அவன் கண்கள் சிவந்து, அழுதவன் கண்களைப் போல இருந்தன. அழுதும் இருப்பான்.

இரு என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் சொல்ல வாய் வருவதற்குள் கேட் சத்தம் கேட்டது. துரைராஜ் வந்துகொண்டிருந்தான்.

வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். சவரம் செய்திருந்தான். உள்ளே கூப்பிட்டும் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, டெரன்ஸின் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, கூச்சத்தோடு தொடங்கினான். உங்கள் கோயிலில் இன்றிலிருந்து நோன்பாமே, இந்த நாளில்தான் ஆளுக்கு ஒரு கெட்ட பழக்கத்தை விடுவீர்களாமே, பொன்மணி சொல்லியிருக்கிறாள் என்றான். ஆமாம் என்றாள் அல்போன்சா.

“அவ தெனம் சொல்லுவா டீச்சரம்மா. டீச்சரம்மா புள்ளயப் பாரு, சாமி பொஸ்தகத்து மேல சத்தியம் பண்ணிட்டு இன்னிக்கி வரைக்கும் காப்பாத்திக்கினு கீது, நீயும் கீறியேன்னு. உசுரோட கீறப்ப நான் கேக்கல. இப்ப எனுக்கும் சத்தியம் பண்ணணும். உங்க கோயில்ல எங்க ஆளுங்கள உடுவாங்களா?”

அல்போன்சா அவன் முகத்தையே பார்த்தாள். அவள் நம்பவில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். கொஞ்ச நாளாகத் தொடவில்லை, வேண்டுமானால் பாருங்கள், நீங்கள்தான் ஃபாதரிடம் சாட்சி சொல்ல வேண்டும் என்றான். டெரன்ஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து, அவனைப் போலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து அவள் முகத்துக்கு நேராக ஊதினான்.

டீ வாடை அடித்தது. பல்பொடி வாடை அடித்தது. ராத்திரியெல்லாம் ஒன்றும் சாப்பிடாத வயிற்றின் வாடை அடித்தது. வேறொன்றும் இல்லை. முப்பது வருஷம் குடித்தவனின் மூச்சு அத்தனை சுத்தமாக இருந்தது. அதை முகர்ந்த மூக்கில் தன் பிள்ளையின் மூச்சும் இன்னும் போகாமல் இருந்தது. இந்த மனிதனை இப்படியே கோயிலுக்குக் கூட்டிப்போகலாம். அவன் டெரன்ஸைப் பார்த்துப் பார்த்தே திருந்திவிடவும் செய்வான். அக்பர் பாஷாவை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனாலும் போவான். எல்லாம் தன் வாய்க்குள்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

“துரைராஜ், அந்த லாரிக்காரன் மேல தப்பில்லப்பா” என்றாள். “இவன் குடிக்கல. ஆனா கஞ்சா அடிச்சிருந்தான். இப்பவும் அடிச்சிட்டுத்தான் நிக்கிறான்.”

டெரன்ஸ் “மா” என்றான். அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டான். துரைராஜ் இன்னும் குனிந்த வாக்கிலேயே நின்றான். காதில் விழுந்தது உள்ளே இறங்க நேரமாயிற்று.

“உங்களுக்குத் தெரியாதா அன்னிக்கி?”

“தெரியும்.”

“பொன்மணிக்கி?”

“அவ மோந்து பாத்துட்டு என்கிட்ட சொன்னா. பஸ்ஸுலயே போறேன்னு சொன்னா.”

“அப்றம் இன்னாத்துக்கு ஏறினா?”

சொல்லாமல் விட்டுவிட வேறு எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் இதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

“நான் ஏறுன்னேன். அதனால ஏறினா.”

துரைராஜ் நிமிர்ந்தான். வெட்டுவேன் என்றவன் கையை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் அல்போன்சா கழுத்தை நீட்டியிருப்பாள். அவன் சுவரோரம் கிடந்த டெரன்ஸைப் பார்த்தான், ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தான், கடைசியாக அவள் நெற்றியில் இருந்த சாம்பலைப் பார்த்துப் பேசினான். சத்தமே இல்லாமல், அவளிடம் கணக்குக் கேட்கிற மாதிரிகூட இல்லாமல், ஏதோ வீட்டுச் சமாச்சாரம் சொல்கிற மாதிரி பேசினான்.

“அந்த கிரைண்டர தெனம் தொடச்சி வெக்கிறேன் டீச்சரம்மா. நீங்க அவளுக்கு ஆசயா குடுத்ததுன்னு.”

போய்விட்டான். கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போனான்.

அல்போன்சா எழுந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். ஜேக்கப்புக்கு போன் போட்டு வண்டியை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். பிறகு மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஸ்டேஷனுக்குப் போறோம், அன்னிக்கி நான் சொன்னதையும் மாத்திச் சொல்லணும் என்றாள். அவன் குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதுகொண்டே, அக்கா தம்பின்னு கூப்ட்டாங்கமா, நல்லா கேட்டுச்சுமா என்று அதையே சொன்னான். வெளியே அனுப்பும்போதெல்லாம் செய்கிற பழக்கத்தில் அவள் கை அவன் நெற்றிக்குப் போனது. சிலுவை போட வரவில்லை. அவன் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, பவுல்சாமி செத்தபோதுகூட அழாத அழுகையை அழுதாள். தலைமுடியில் குருத்தோலை வாடை அடித்தது. இந்தத் தடவை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் முகம் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம், நடந்தே போகலாம் என்றாள் அல்போன்சா.